ரொட்டவேட்டர் ஓடுவதற்கு முன்: வயல் மண்ணில் மைக்ரோபிளாஸ்டிக் சேராமல் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

மிளகாய்ச் செடி ஒன்று வளராமல் நின்றிருந்தது. வாடல் நோயும் இல்லை, வேரழுகலும் இல்லை. பக்கத்துச் செடிகளெல்லாம் காய் பிடித்து நிற்க, இது மட்டும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் நாலு விரற்கடை ஆழம் போனதும் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. மடங்கிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்வர் ஷீட் துண்டு, களை வராமல் பாத்திமேல் விரிப்போமே அந்தப் பிளாஸ்டிக் ஷீட். அதன்மேல் சல்லிவேர்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தன. அது அந்தப் போகத்து ஷீட் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தக்காளிக்குப் போட்டது.

கையில் எடுத்துக் கசக்கினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. துண்டாக இருந்தவரை எடுத்து வெளியே போட வழி இருந்தது. நொறுங்கியதும் பாதி விரலிடுக்கு வழியாக மண்ணுக்கே திரும்பிப் போய்விட்டது. நான் இங்கே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: பிளாஸ்டிக் பெரிதாக இருக்கும்போதே நிலத்தை விட்டு வெளியே போயாக வேண்டும். பொடியான பிறகு அதைப் பிரித்தெடுக்க எந்த இயந்திரமும் நம் கையில் இல்லை.

5 மில்லிமீட்டருக்குக் கீழான பிளாஸ்டிக் துணுக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். கடலில் மிதக்கும் துணுக்குகளை வைத்து 2004-ல் பிரிட்டன் விஞ்ஞானி ரிச்சர்ட் தாம்சன் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தச் சொல் பரவியது. வயல் மண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பிப் பார்க்க அதற்குப் பிறகு எட்டுப் பத்து வருஷம் ஆனது. மீன் வயிற்றில் பிளாஸ்டிக் என்றால் செய்தியாகிறது. வரப்போரத்தில் கிடக்கும் யூரியா சாக்கை யார் பார்க்கிறார்கள்?

படி 1: ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள்

எதையும் வாங்கவோ மாற்றவோ வேண்டாம். முதலில் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். எல்லார் நிலத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

காய்கறி, தர்பூசணி போடுகிறவர்களுக்கு முதல் இடம் மல்ச்சிங் ஷீட்டுக்குத்தான், அதாவது நிலப்போர்வைக்கு. அடுத்து தக்காளி கட்டும் பிளாஸ்டிக் கயிறு. ஒரு போகம் வெயிலில் கிடந்தால் போதும், தொட்டாலே நாராகப் பிரியும். பிறகு நாற்றுப் பை, நிழல்வலை, வாழைத்தாருக்குப் போடும் உறை, கிழிந்த தார்ப்பாய், எலி கடித்த சொட்டுநீர் லேட்டரல் குழாய், மழைத்தூவான் குழாய். உரச் சாக்கைத் தனியாகவே எழுத வேண்டும். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பின்னிய நாடா. மூட்டை பிரிக்கும்போது கத்தியால் அறுத்தால் நாலைந்து நாடா உதிரும். வெயிலில் ஆறு மாதம் கிடந்தால் சாக்கே வெள்ளைத் தூளாகும்.

நெல் போடுகிறவர் "எனக்கு ஷீட்டே கிடையாது" என்று நோட்டை மூடிவிட வேண்டாம். வாங்கி அடிக்கும் குப்பை உரம், ஊருக்குப் பக்கத்து ஏரியிலிருந்து அள்ளிவரும் வண்டல், சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர், ரோட்டோர வயலில் விழும் டயர் தூசி என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. ஊருக்குள் மேயும் மாடு தின்ற பாலிதீன் பை கூடச் சாணத்தில் துணுக்காக வருவதுண்டு.

உலகக் கணக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2021 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, பயிரிலும் கால்நடையிலுமாக வருஷத்துக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பொருள்கள் பயன்படுகின்றன. அதில் ஏறக்குறைய பாதி ஆசியாவில்.

படி 2: உங்கள் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்

ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. கல் உப்பு, கண்ணாடி பாட்டில், வெள்ளைப் பருத்தித் துணி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு ஊசி போதும். பிளாஸ்டிக் பாத்திரம், பிளாஸ்டிக் குச்சி எதுவும் கூடாது. பாலியெஸ்டர் சட்டையையும் கழற்றிவிட்டு பருத்தியில் உட்காருங்கள். சட்டை நார் உதிர்ந்து கணக்கில் ஏறிவிடும்.

மண் பரிசோதனைக்கு எடுக்கிற மாதிரியேதான். ஏக்கருக்கு ஐந்து இடம், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழக் குழி, ஓரத்திலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மண். ஐந்தையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். கட்டியைக் கையால் மெல்ல உடைக்கலாம், உரலில் போட்டு இடிக்கக் கூடாது. இடித்தால் இருக்கிற ஒரு துண்டு நாலாகும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பு கரையுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கினால் சரியான பதம். இந்த உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருக்கும். (சிரிப்பாக இருந்தாலும் உண்மை.) உலர்ந்த மண் 100 கிராமை எடை போட்டுப் பாட்டிலில் இட்டு, உப்புத் தண்ணீர் அரை லிட்டர் ஊற்றி, எவர்சில்வர் கரண்டியால் மூன்று நிமிஷம் கலக்கி, தட்டால் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் மண் போடாமல் உப்புத் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். அதில் என்ன மிதக்கிறதோ அதைக் கழித்துக்கொள்ளத்தான்.

காலையில் மேலே மிதப்பதை மட்டும் அலுங்காமல் துணியில் ஊற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு லென்ஸில் பாருங்கள். வைக்கோல் துரும்பும் வேர்த்தும்பும் கூட மிதந்திருக்கும். சந்தேகமான துணுக்கில் அடுப்பில் காய்ச்சிய ஊசி நுனியைத் தொட்டால் தெரிந்துவிடும். துரும்பு கருகும், பிளாஸ்டிக் சுருண்டு ஊசியில் ஒட்டும். முதல் தடவை செய்யும்போது நான் துரும்பு என்று ஒதுக்கியதில் பாதி சுருண்டது.

நிறத்தை வைத்தே ஊற்றுக்கண் தெரியும். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு என்றால் ஷீட். நீலம், பச்சை நார் என்றால் கயிறும் நிழல்வலையும். வெள்ளைத் தட்டை நாடா உரச் சாக்கு. பல வண்ணத்தில் மினுமினுப்பாக இருந்தால் அது உங்கள் வயலில் பிறந்ததே இல்லை, குப்பை உரத்தோடு வந்த பிஸ்கட், ஷாம்பு பாக்கெட்.

எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் கிலோவுக்கு இத்தனை என்று கிடைக்கும். இதில் கண்ணுக்கும் லென்ஸுக்கும் சிக்குவது மட்டும்தான் அடங்கும். உப்புத் தண்ணீரைவிடக் கனமான பி.வி.சி. தூளும் பாலியெஸ்டர் நாரும் அடியில் தங்கிவிடும். ஆகவே வருகிற எண் குறைந்தபட்சக் கணக்கு. கிலோவுக்கு இத்தனைக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று எல்லா மண்ணுக்கும் பொதுவான வரம்பை இதுவரை யாரும் வகுக்கவில்லை. ஊரில் ஷீட்டே போடாத ஒரு நிலத்து மண்ணையும் இப்படிப் பார்த்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள். உங்களுக்கு அதுதான் அளவுகோல்.

செடிக்கு என்னதான் ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போனால் வேலை அலுத்துவிடும்.

விதையிலிருந்து ஆரம்பிப்போம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஆளி மாதிரி சீக்கிரம் முளைக்கும் ஒரு கீரை விதையை வைத்து 2019-ல் பார்த்தார்கள். நுண் துணுக்குகள் விதையுறையின் துளைகளில் அடைத்துக்கொண்டன, முதல் எட்டு மணி நேரத்தில் முளைப்பு தாமதமானது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டன. அதே வருஷம் வந்த ஒரு புல்வகைச் சோதனையில் செயற்கை நார் கலந்த மண்ணில் முளைத்த விதை குறைவு. பாலித்தீன் துகள் கலந்த மண்ணில் இருந்த மண்புழுக்கள் எடை இழந்தன.

பெர்லினில் வெங்காயத்தாளை வைத்துச் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. பாலியெஸ்டர் நார் கலந்த மண் பஞ்சு மாதிரி இளகி, வேர் அதிகமாக ஓடியது. படித்ததும் "அப்போ நல்லதுதானே" என்றார் ஒரு நண்பர். மண் கனமும் தண்ணீர் பிடிப்பும் நம்மைக் கேட்காமல் மாறுகின்றன, செடி அதற்கேற்ப வேரில் செலவழிக்கிறது. அதை லாபம் என்று எழுத என்னால் முடியவில்லை. துகளா, நாரா, தகடா, எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பதுதான் அந்தச் சோதனையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் வயலுக்கு மிக நெருக்கமானது தகட்டுத் துண்டுதான். 2019-ல் களிமண்ணில் 2, 5, 10 மில்லிமீட்டர் ஷீட் துண்டுகளைக் கலந்து காயவைத்துப் பார்த்த ஆய்வில், துண்டு கலந்த மண்ணிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியானது, மண்ணில் வெடிப்பும் உண்டானது. ஈரம் காக்க என்றுதான் ஷீட் போடுகிறோம். அதே ஷீட் துண்டாகி உள்ளே போனதும் ஈரத்தை வெளியேற்றும் வழியாகிவிடுகிறது.

அடுத்தது பலரும் பயப்படுவது: செடிக்குள்ளேயே போய்விடுமா? 2020-ல் சீன விஞ்ஞானிகள் கோதுமையிலும் லெட்யூஸ் கீரையிலும் ஒளிரும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு விரிசல் இருக்கும். அந்தச் சந்து வழியாக மணிகள் உள்ளே போயின, தண்ணீர் ஏறும் இழுப்போடு தண்டு வரைக்கும் ஏறின. அந்த மணியின் அளவு 0.2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நாம் போடும் ஷீட்டின் கனமே 25 மைக்ரான் என்றால் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்று வயலில் கண்ணுக்குத் தெரியும் துண்டு நாளைக்கே செடிக்குள் ஏறாது. ஆனால் அது பொடியாகிக்கொண்டேதான் இருக்கும், மக்காது.

பெரிய எண்களும் வருகின்றன. 2025-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, மைக்ரோபிளாஸ்டிக்கால் ஒளிச்சேர்க்கை 7 முதல் 12 சதவீதம் வரை குறைகிறது என்றும், நெல், கோதுமை, மக்காச்சோள விளைச்சலில் 4 முதல் 13.5 சதவீதம் வரை இழப்பு இருக்கலாம் என்றும் கணித்தது. பல ஆய்வகச் சோதனைகளைக் கணினியில் ஏற்றி உலகத்துக்கே விரித்த மதிப்பீடு அது. உங்கள் ஏக்கருக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆய்வகத் தொட்டியில் கலக்கும் அளவு பெரும்பாலும் நம் வயலில் இருப்பதைவிடப் பல மடங்கு.

வயலிலிருந்தே வந்த எண் ஒன்று உண்டு, நான் அதைத்தான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். சீனாவில் 1970-களின் கடைசியில் ஷீட் வந்தது. பருத்தி, மக்காச்சோளத்துக்கு முடியைவிட மெல்லிய 8 மைக்ரான் ஷீட்டைப் பல வருஷம் போட்டு, எடுக்காமல் உழுதார்கள். அந்த அனுபவத்தையெல்லாம் தொகுத்த 2019-ஆம் ஆண்டு அலசல் இரண்டு விஷயம் சொன்னது. ஷீட் போட்டால் விளைச்சல் சராசரியாக 24 சதவீதம் கூடுகிறது. மண்ணில் எச்சம் ஹெக்டேருக்கு 240 கிலோவைத் தாண்டினால் விளைச்சல் சரிகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 97 கிலோ.

படி 3: ஷீட்டை எடைபோட்டுப் போடுங்கள், எடைபோட்டு எடுங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு இந்த வழிகாட்டியில் மிக முக்கியமானது இதுதான்.

நாலு அடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் ரோல் ஒன்று ஏறத்தாழ 11 கிலோ. ஐந்தடிக்கு ஒரு பாத்தி என்றால் ஏக்கருக்கு ஏழு ரோல் போகும், 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து எடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு கிழிந்து தங்கினால் போகத்துக்கு ஏழரைக் கிலோ. 97 கிலோவைத் தொட பதின்மூன்று போகம், வருஷத்துக்கு இரண்டு போகம் போடுகிறவருக்கு ஆறேழு வருஷம். எடுக்காமலே உழுதால் இரண்டே போகம்.

வாங்கும்போது கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் 15, 20 மைக்ரான் ரோல் விலை குறைவாகத் தெரியும். எடுக்கும் அன்றைக்குத்தான் அந்த விலை புரியும். சீனாவே 2018-லிருந்து 10 மைக்ரானுக்குக் குறைந்ததை விற்கக் கூடாது என்று தரத்தை மாற்றியது, மெல்லியதை மண்ணிலிருந்து உருவவே முடியாது என்ற ஒரே காரணத்துக்காக. நம்மூரில் நிலக்கடலைக்கு 7 மைக்ரான் ஷீட் பரிந்துரைப்பார்கள். காய் பிடிக்கும் விழுது ஷீட்டைத் துளைத்து மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக அத்தனை மெல்லிசு. என்னைக் கேட்டால் கடலைக்கு ஷீட்டே வேண்டாம் என்பேன்.

ஓட்டை போடும் நாளில் ஒரு காரியம். ஒன்றரை அடிக்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்கு 6,000 ஓட்டை. குழாயைக் காய்ச்சி அழுத்தினால் 6,000 சில்வர் வட்டங்கள் விழும். மூன்று அங்குல வட்டம் ஒவ்வொன்றும் 0.1 கிராம்தான், மொத்தம் 600 கிராம். காற்றில் பறந்து வாய்க்கால் வரைக்கும் போகும். ஓட்டை போடுகிறவர் இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு போட்டால் அன்றைக்கே வெளியே போய்விடும். கூலி கூடுதலாக அரை மணி நேரம்.

எடுக்கும் முறை:

முதலில் லேட்டரலைச் சுருட்டி வெளியே வையுங்கள். செடியை வேரோடு பிடுங்காதீர்கள், வேர் ஓட்டையைக் கிழித்துக்கொண்டு வரும். தண்டைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். கட்டிய கயிறும் அப்போதே குச்சியோடு போகட்டும்.

பிறகு ஈரப் பதம். காய்ந்த களி ஷீட்டின் ஓரத்தைச் சிமெண்ட் மாதிரி கவ்விக்கொள்ளும், இழுத்தால் ஓரம் உள்ளே நின்று நடு மட்டும் கையோடு வரும். சேறாக இருந்தாலும் மண் அப்பி இருமடங்கு கனக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்துக்கு இரண்டு நாள் முன்னால் லேசாகத் தண்ணீர் விடலாம். மண்வெட்டியாலோ ஒற்றைக் கொத்தாலோ இரண்டு ஓரத்தையும் முதலில் விடுவித்து, அதன்பின் ஒரு முனையிலிருந்து ஒருவர் தூக்க, ஒருவர் மண்ணை உதற, கட்டையில் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வாருங்கள். தரதரவென்று இழுக்க வேண்டாம்.

செலவு மிச்சம் என்று ஒரே ஷீட்டில் தக்காளி முடித்துப் பீர்க்கையோ வெள்ளரியோ ஏற்றுவது இப்போது எல்லா ஊரிலும் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் வெயில் பட்ட மேற்பகுதி இரண்டாவது போகத்தில் நொறுங்க ஆரம்பித்திருக்கும். விரலால் கிள்ளிப் பாருங்கள். இழுபட்டுக் கிழிந்தால் இன்னும் தாங்கும், பட்டென்று உடைந்தால் எடுக்கும் நேரம் கடந்துகொண்டிருக்கிறது.

எடுத்ததை எடை போடும்போது மண்ணும் சேர்ந்து ஏறும். அதற்கு ஒரு கிலோவை மட்டும் தனியே எடுத்து அலசிக் காயவைத்து எடை போடுங்கள். 400 கிராம் நின்றால் மொத்த எடையில் பத்துக்கு நாலு பங்குதான் ஷீட். போட்ட எடையிலிருந்து அதைக் கழித்தால் மண்ணுக்குள் எவ்வளவு தங்கியது என்பது கிலோவில் உங்கள் நோட்டில் இருக்கும்.

படி 4: ரொட்டவேட்டரை நிறுத்தி வையுங்கள்

நான் செய்த தப்பு இங்கேதான். ஒரு ஆடிப் பட்டத்துக்கு முன் ஷீட் எடுக்க ஆள் வரவில்லை. மழை மேகம் கட்டி நின்றது. டிராக்டர் தம்பி வரப்பில் நிறுத்திக் கேட்டான்.

"அண்ணா, பேப்பர் இன்னும் கெடக்குதே, ஓட்டிடவா?"

"பாதிய எடுத்தாச்சுடா. மிச்சம் மண்ணோட போவட்டும், ஓட்டு."

நாற்பது நிமிஷத்தில் நிலம் மாவாகிவிட்டது. ஷீட்டும்தான். ரொட்டவேட்டர் கத்தி மண்ணை வெட்டுவதுபோலவே ஷீட்டையும் வெட்டும், வெட்டி அரையடி ஆழம் வரை சமமாகக் கலந்தும் விடும். ஒரே ஒரு ஓட்டில் மீட்கக்கூடிய தகடு மீட்க முடியாத துண்டாகிறது. ஆரம்பத்தில் சொன்ன மிளகாய்ச் செடி அந்த நிலத்தில்தான் நின்றது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: ஷீட் எடுத்த பிறகு ஒன்பது கொத்துக் கலப்பை ஒரு சால். கொத்து வெட்டாது, கிளறி மேலே கொண்டுவரும், நீளத் துண்டுகள் கொத்திலேயே சுற்றிக்கொண்டு வரும். வரப்பு முனையில் நிறுத்தி அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பின்னாலேயே இரண்டு பேர் கூடையோடு நடக்கட்டும். குறுக்கே இன்னொரு சால், இன்னொரு நடை. அதற்குப் பிறகு ஒரு மழை விழுந்தால் மண் கழுவி, மிச்சத் துண்டுகள் பளிச்சென்று மினுங்கும். வெயில் சாய்ந்த நேரத்தில் கிழக்கே முதுகைக் காட்டி நடந்தால் நன்றாகத் தெரியும். இவ்வளவும் முடிந்த பிறகு ரொட்டவேட்டரைக் கூப்பிடுங்கள்.

படி 5: வெளியிலிருந்து வரும் உரமும் வண்டலும்

குப்பை உரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணில் கரிமம் குறைந்து கிடக்கிறது, அதுவும் வேண்டும். ஆனால் குப்பையைத் தரம் பிரிக்காமல் மக்கவைத்து, பிறகு சலித்துக் கொடுத்தால் சல்லடைக்கு மேல் நிற்பது மட்டும்தான் விலகும். நகர உரத்துக்கான நம் நாட்டுத் தரத்தில் 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்று இருக்கிறது. இறங்கியதில் பிளாஸ்டிக் எவ்வளவு என்று அந்தச் சல்லடைக்குத் தெரியாது. வீட்டுக் குப்பையைத் தனித்தனியாக வாங்கும் ஜெர்மனியிலேயே 2018-ல் உரத்தைச் சோதித்தபோது கிலோவுக்கு பல நூறு துணுக்கு வரை கிடைத்தது. கழிவுநீர்ச் சேற்றை வயலுக்கு அடிக்கும் ஐரோப்பாவில் அந்த வழியில் மட்டும் வருஷத்துக்கு 63,000 முதல் 4,30,000 டன் வரை மைக்ரோபிளாஸ்டிக் வயலுக்குள் போகலாம் என்று 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது.

லோடு இறக்குவதற்கு முன் ஒரு வாளி வாங்கி வந்து படி 2-ல் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். காய்கறி மார்க்கெட் கழிவு, சர்க்கரை ஆலை மட்கு, தென்னை நார்க்கழிவு மாதிரி ஒரே இடத்துக் கழிவில் செய்த உரம் பொதுவாகச் சுத்தமாக இருக்கும். வண்டலும் அப்படித்தான். ஊரைத் தாண்டிய ஏரி வண்டல் தங்கம். பஸ் ஸ்டாண்டுச் சாக்கடை விழும் ஏரியாக இருந்தால் மேல் ஓரடியை ஒதுக்கிவிட்டு அடி மண்ணைக் கேளுங்கள்.

படி 6: மாற்று என்று சொல்லி விற்பவை

"மக்கும் ஷீட்" என்று மூன்று வகை ஓடுகிறது. வெயில் பட்டால் உடைந்து போகும் 'ஆக்ஸோ' வகை மக்குவதே இல்லை, சீக்கிரம் பொடியாகும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பொருட்களை 2021-ல் சந்தையிலிருந்தே விலக்கியது. இரண்டாவது, உர ஆலையில் 58 டிகிரி சூட்டில் மக்கும் வகை. வயல் மண் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. மூன்றாவதுதான் மண்ணிலேயே மக்கும் வகை. அதற்கான ஐரோப்பியத் தரம் 'ஈ.என். 17033', இரண்டு வருஷத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்கிறது. கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2018-ல் கோதுமைத் தொட்டியில் செய்த ஒரு சோதனையில், மாவுச்சத்து அடிப்படையிலான மக்கும் ஷீட் துண்டு கலந்த மண்ணில் செடி சாதாரண பாலித்தீன் துண்டு கலந்ததைவிட மோசமாக வளர்ந்தது.

எனக்குப் பிடித்த மூடாக்கு பழையதுதான்: கரும்புத் தோகை, வைக்கோல், தென்னை ஓலை, கடலைத்தோல். களை நூறு சதவீதம் நிற்காது, ஒரு களையெடுப்புக் கூலி கூடும், கரையான் வரும், எலியும் ஒதுங்கும். தர்பூசணிக்கு இது சரிப்படாது என்று ஒப்புக்கொள்கிறேன். வாழை, தென்னை, முருங்கை, மஞ்சளுக்கு ஷீட் போட என்ன அவசியம் என்பதுதான் என் கேள்வி. தக்காளிக்கு ஷீட் போட்டாலும் கட்டுவதற்குச் சணல் கயிறு வாங்கலாம். போகம் முடிவதற்குள் அறுந்துவிடும் என்பார்கள். இரண்டு இழையாக முறுக்கிக் கட்டினால் எனக்கு நின்றது.

படி 7: எடுத்ததை என்ன செய்வது

வரப்போரத்தில் தீ வைப்பதுதான் நடைமுறை. வைக்காதீர்கள். புகை ஒரு பக்கம் இருக்க, ஷீட் முழுதாக எரியாமல் உருகிக் கட்டிகட்டியாக மண்ணில் உறையும், அடுத்த உழவில் அதுவும் உடையும். கிணற்று மேட்டில் குவித்து வைத்தால் ஆடிக் காற்று திரும்பக் கொண்டுவந்து போடும்.

பழைய பொருள் வாங்குகிறவர் மண் அப்பிய ஷீட்டைத் தொட மாட்டார், லேட்டரல் குழாயை மட்டும் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். ஒரு விவசாயியின் முப்பது கிலோவுக்கு வண்டி வராது. ஊரில் ஏழெட்டுப் பேர் உதறிக் காயவைத்துச் சாக்கில் கட்டி ஒரே இடத்தில் சேர்த்தால் வரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறவர்கள் இடுபொருள் விற்கும் கூட்டத்திலேயே இதையும் பேசலாம். ஷீட் போட மானியம் கேட்டுப் போகும்போது, எடுத்த ஷீட்டை எங்கே கொடுப்பது என்று தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால்தான் பதில் தேட ஆரம்பிப்பார்கள்.

ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால்

மைக்ரோபிளாஸ்டிக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கரைசல் என்று யாராவது லிட்டர் கணக்கில் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆய்வகத்தில் சில நுண்ணுயிர்கள் சில வகைப் பிளாஸ்டிக்கை மெல்லமாக அரிப்பது உண்மை. வயலில் தெளித்தால் தீர்ந்துவிடும் என்பது வியாபாரம்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒவ்வொரு உழவிலும் பொறுக்குங்கள். அந்த நிலத்தில் இரண்டு மூன்று வருஷம் ஷீட் தேவைப்படாத பயிரை வையுங்கள். முள்ளங்கி, கேரட் மாதிரி நேராக இறங்கும் கிழங்கைத் தள்ளிப்போடுங்கள். தொழுவுரம், பசுந்தாள் போட்டு மண்ணைப் பொலபொலப்பாக வைத்தால் நீர் இறங்கும் வழி அடைபட்டாலும் வேறு வழி திறக்கும். ஆழ உழவு வேண்டாம், மேலே கிடப்பதைக் கீழே புதைக்கும். மண்புழு வேறு தன் வளை வழியாகத் துணுக்கை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதை நாம் தடுக்க முடியாது.

சோதனையை வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரையில் நிலம் காலியாகக் கிடக்கும்போது, அதே ஐந்து இடத்தில் செய்யுங்கள். என் ரொட்டவேட்டர் நிலத்தில் முதல் வருஷம் 100 கிராமுக்கு 31 துணுக்கு. நாலு போகம் பொறுக்கிய பிறகு போன சித்திரையில் 26. எண்ணின எனக்கே நம்பிக்கையில்லாமல், புதுசாக உப்புக் கரைத்து இன்னொரு முறை எண்ணினேன். 27 வந்தது.